மைத்துனர் சாத்திய கதவு

எங்கள் வட்டாரத்தில் பாராட்டு வாங்காமல் தப்பித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் வாங்கிவிட்டார். முடி வெட்டுபவர் வாங்கிவிட்டார். விழாவுக்கு நாற்காலி வாடகைக்குக் கொடுப்பவர், உட்காருகிற நாற்காலியெல்லாம் அவருடையது என்பதாலோ என்னவோ, இரண்டு முறை வாங்கிவிட்டார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பொம்மைகளுக்குக் கண் ஒட்டுகிற அம்மா, வேண்டாம் சாமி ஆளை விடுங்க என்று கெஞ்சினார். அவர் கழுத்திலும் ஒரு பதக்கத்தை மாட்டிவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம் செய்வது வட்டாரப் பெருமை மன்றம். ஒரு கலைஞர், ஒரு கடை, காண வேண்டிய இடம் ஒன்று, இந்த மூன்றையும் தேடிப் பிடித்து விழா எடுப்பது அவர்கள் வேலை. முதலில் வருடத்துக்கு ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தார்கள். பெருமை போதவில்லை என்று மாதா மாதம் ஆகிவிட்டது. அப்புறம் காண வேண்டிய இடங்களுக்குப் பஞ்சம் வந்து, ரொட்டிக்கடைக்காரர் முதன்முதலில் ரொட்டியைக் கருக்கிய அடுப்புக்குக்கூட ஒரு பலகை வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அந்த அடுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்.

எங்கள் வீட்டுக்காரர் ஃபிரேம் போடுகிற கடை வைத்திருக்கிறார். மன்றம் கொடுக்கிற சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இவர்தான் ஃபிரேம் போடுவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பாதி அந்த வேலையில்தான். ஒவ்வொரு சான்றிதழையும் கண்ணாடிக்கு அடியில் வைக்குமுன் எனக்கு வாசித்துக் காட்டுவார். "மண்ணின் மணம் கமழும் கைவண்ணம்னு போட்டிருக்கான் பாரு, காத்தடிக்கிறவனுக்கு" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, துணியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் தேவைக்கு மேலேயே துடைப்பார். நமக்கும் ஒன்று வராதா என்று அவருக்கு ஆசை. அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், எனக்கும்தான்.

இவர் கையில் வித்தை இல்லாமலும் இல்லை. தச்சுப் பட்டறையில் மிச்சமாகிற துண்டு மரங்களை நிறம் பார்த்து, ரேகை பார்த்து ஒட்டி, இழைத்து, ஒரு ஃபிரேம் செய்வார். உள்ளே இருக்கிற படத்தை விட்டுவிட்டு ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தத் துண்டு மரங்கள் என் அண்ணன் பட்டறையிலிருந்து வருகிறவை. இவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினபோது, "மாப்பிள்ளை, சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும்" என்று சொல்லிப் பட்டறைக்குக் கூட்டிப்போய் ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். கடைக்கு அலமாரி அடித்துக் கொடுத்தது அவர். இன்றைக்கும் நல்ல துண்டு விழுந்தால் இவருக்கென்று தனியாக எடுத்துவைப்பார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் மன்றத் தலைவரும் கதைப் பொறுப்பாளரும் கடைக்கு வந்தார்கள். கதைப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. பாராட்டப்படுகிறவரின் வாழ்க்கைக் கதையைத் தயார் செய்து குறும்படம் எடுப்பது அவர் பொறுப்பு. நான் எலுமிச்சை ஜூஸ் கலந்துகொண்டு ஓடினேன்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவு நாளா எங்களுக்கு ஃபிரேம் போடறீங்க. உங்களை நாங்க கண்டுக்கவே இல்லையேன்னு நேத்துதான் தோணிச்சு. வேற ஆளும் மிச்சம் இல்ல" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்று இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கதைப் பொறுப்பாளர் பேனாவைத் திறந்தார். "உங்க தடை என்ன?"

"என்னதுங்க?"

"தடை. நீங்க முன்னேறும்போது எது குறுக்க நின்னுது? தடை இல்லாத சாதனையை மன்றம் சாதனையா ஏத்துக்கறதில்லை."

இவர் யோசித்தார். "ஒரு தடவை லாரியிலேருந்து இறக்கும்போது கண்ணாடி மொத்தமும் உடைஞ்சுபோச்சுங்க."

"கண்ணாடி பொருள். எங்களுக்கு ஆள் வேணும். அப்பா அடிச்சாரா?"

"அவர் சாதுங்க. எறும்பைக்கூட சுத்திக்கிட்டுப் போவார்."

"வாத்தியார் யாராவது நீ உருப்படமாட்டேன்னு சொன்னாரா?"

"பள்ளிக்கூடத்துல என்னை யாரும் கவனிச்சதே இல்லைங்க."

கதைப் பொறுப்பாளர் பேனாவை மூடினார். தலைவர் பெருமூச்சு விட்டார். "இப்படி எல்லாரும் நல்லவங்களா இருந்தா நாங்க என்னதான் செய்யறது, சொல்லுங்க. முடி வெட்டறவரைப் பாருங்க. எவ்வளவு ஒத்துழைச்சார்! அவருக்குத் தடை அவங்க அம்மான்னு வச்சோம். அந்தம்மா காலமாயிட்டாங்க, அதனால ஒரு சிக்கலும் வரல."

இவர் முகம் விழுந்துவிட்டது. கைக்கு எட்டினது நழுவிப் போகிறதே என்கிற தவிப்பு எனக்கும்.

"இந்த மரமெல்லாம் எங்க வாங்கறீங்க?" என்றார் கதைப் பொறுப்பாளர், கிளம்புகிறவர் கேட்கிற மாதிரி.

"மச்சான் தர்றார். இவ அண்ணன். தச்சர். தொழிலே அவர்தான் கத்துக்கொடுத்தார்."

"ஐயோ, அப்படின்னா இது கூட்டுச் சாதனை ஆயிடும். கூட்டுச் சாதனைக்கு விழா கிடையாது. டீ, பிஸ்கட், ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "முதல் முதல்ல அவரைத் தேடிப் போனீங்களே, உடனே உள்ள கூப்பிட்டாரா?" என்றார்.

"முதல் தடவை போனப்ப அவர் வெளியில போயிருந்தார்."

"அப்போ கதவு சாத்தியிருந்துது."

இவர் என்னைப் பார்த்தார். "இருக்கலாம்ங்க" என்றார்.

"யார் சாத்தினது? அவர்தானே சாத்திட்டுப் போயிருக்கணும்?"

"அவர் பட்டறை... அவர்தான் சாத்தணும்."

கதைப் பொறுப்பாளர் பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "வேலை கேட்டுப் போனவர் முகத்தில், சொந்த மைத்துனரே கதவைச் சாத்தினார்." தலைவர் ஜூஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அருமை, அருமை" என்றார்.

நான் தட்டும் கையுமாக நின்றேன். இல்லைங்க, அப்படி இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? "இன்னும் கொஞ்சம் ஜூஸ் ஊத்தட்டுமா?" என்றுதான் கேட்டேன். தூ!

அவர்கள் போன பிறகு இவரே சமாதானம் சொன்னார். "ஏதோ பொதுவா ஒரு வரி வரும். மச்சான் யாருன்னெல்லாம் சொல்லமாட்டாங்க. ஊர்ல எத்தனை மச்சான் இல்ல?"

மறு வாரம் படம் எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். போராடி முன்னேறின கதைக்கு ஃபிரிட்ஜ் ஆகாது என்று அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். நல்ல சட்டையைக் கழற்றச் சொல்லி, பசை துடைக்கிற சட்டையை இவருக்கு மாட்டினார்கள். வெயிலில் இவர் ஒரு வெற்று ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். என்னை ஜன்னலோரம் நிற்கவைத்து, "இன்னும் கொஞ்சம் ஏழையா நில்லுங்கம்மா" என்றார் கதைப் பொறுப்பாளர். எப்படி நிற்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்தேன். "இதான், இதான்" என்று பாராட்டினார்.

விழாவுக்கு அண்ணனையும் அண்ணியையும் நானே போய் அழைத்தேன். பெருமை கண்ணை மறைக்கும் என்பார்களே, எனக்குக் காதையும் சேர்த்து மறைத்துவிட்டது போல. கதைப் பொறுப்பாளர் வாய்விட்டுச் சொன்னதை என் காதால் கேட்டவள்தானே நான்? பொதுவா ஒரு வரி, பொதுவா ஒரு வரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் அழைத்தேன். அண்ணன் அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை விட்டார். முகம் மழித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னாடியே போய்விட்டார். மேடையில் மைக் மேசை ஆடுகிறது என்று, கீழே உட்கார்ந்து அதன் காலுக்கு ஒரு மரத்துண்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

தலைவர் பேசினார். "நம்ம வட்டாரத்துல பெருமை இல்லாத மனுஷனே இருக்கக்கூடாது. அதான் எங்க கொள்கை. திறமை இருக்கா இல்லையாங்கறது அவங்கவங்க பாடு. அதுல நாங்க தலையிடறதில்லை. பெருமை மட்டும்தான் எங்க பொறுப்பு. ஃபிரேம் போடறவர் நல்லா ஃபிரேம் போடறாரான்னு என்கிட்ட கேக்காதீங்க. நான் சான்றிதழைத்தான் பார்ப்பேன், அதுல என் கையெழுத்து இருக்கும்!" கூட்டம் கை தட்டியது. அண்ணன்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். என் ஜன்னல் வந்தது, என் குனிந்த தலை வந்தது. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல்: "வேலையிழந்து வாடியவர், நம்பிச் சென்றது மைத்துனரின் பட்டறையை. மரத்தோடு பழகிப் பழகி மரமாகவே மாறிவிட்ட மனம். கேட்டவர் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது கதவு. அன்று கீழே கிடந்த மரத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினார் இந்தக் கலைஞர்..." அரங்கம் முழுக்க உச்சுக்கொட்டியது.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு வேற மச்சான் யாராவது இருக்காங்களாம்மா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கு உடன்பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான். என் முகம் அவருக்கு என்ன சொன்னதோ, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் அன்றைக்கே அண்ணன் அண்ணி காலில் விழுந்திருப்பேன். தலைவர் மைக்கைப் பிடித்து, "அந்த மைத்துனர் இதே அரங்கத்துலதான் இருக்கார்!" என்றார். "இந்த மாசத்துலேருந்து மன்றம் ஒரு புது அம்சம் சேர்த்திருக்கு. நேரடி மன்னிப்பு! சாதிச்சவர் இருந்தா மட்டும் போதாது, தடுத்தவரும் மேடைக்கு வரணும். அப்பதான் விழா நிறைவா இருக்கும். வாங்க சார், வெக்கப்படாதீங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணன் எழுந்தார். இல்லை என்று சொல்லப்போகிறார், சொல்லட்டும், எங்கள் முகத்தில் கரி பூசட்டும், அதுதான் எங்களுக்குத் தகும் என்று நினைத்தேன். இவர் தானே ஃபிரேம் போட்ட சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் மேடை ஏறி இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்திருப்பார்.

அண்ணன் மைக் பக்கம் குனிந்தார். "ஏதோ அப்ப தெரியாம பண்ணிட்டேன். மாப்பிள்ளை மனசுல வச்சுக்கக் கூடாது."

"கடைசி வரிசைக்குக் கேக்கல சார். இன்னொரு தடவை, சத்தமா" என்றார் கதைப் பொறுப்பாளர்.

அண்ணன் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நான் பொரிந்து தள்ளினேன். "உங்க வாயில என்ன அடைச்சிருந்துது? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த, நீ சொல்றதுக்கென்ன?" என்றார் இவர். சான்றிதழை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் செருகிவைத்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அண்ணன் இழைத்துக்கொண்டிருந்தார். "விடும்மா" என்றார். "அவ்வளவு பேர் முன்னால நான் இல்லேன்னு சொன்னா, மாப்பிள்ளை அப்புறம் தெருவுல நடக்க முடியுமா? எனக்கென்ன, எனக்கு வேலை இருக்கு." அண்ணி தண்ணீர் கொடுத்தாள். வழக்கமாக, சாப்பிட்டியா என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு. அன்றைக்குக் கேட்கவில்லை. வேலை இருக்கு என்று அண்ணன் சொன்னாரே, அந்த வேலையும் ஆட்டம் கண்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. தொட்டில் செய்யச் சொல்லியிருந்த ஒருவர், சொந்தத் தங்கை குடும்பத்தையே விரட்டினவர் கையால் குழந்தைக்குத் தொட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மன்றம் சும்மா இருக்குமா? அந்த மாதத்துக் கலைஞரும் கடையும் ஆயிற்று, காண வேண்டிய இடம் பாக்கி இருந்தது. கதைப் பொறுப்பாளர் ஒரு பித்தளைப் பலகையோடு பட்டறைக்கு வந்து இறங்கினார். பலகையில், 'மைத்துனர் சாத்திய கதவு' என்று பொறித்திருந்தது. பார்வை நேரமும் கீழே போட்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவைச் சாத்த முடியாது. நீளப் பலகைகள் எப்போதும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அண்ணன் அதைச் சாத்தினதே இல்லை. கீல் துருப்பிடித்து, அடிக்கட்டை தரையில் ஊன்றிக்கொண்டு, திறந்தபடியே நின்றுவிட்டது. கதைப் பொறுப்பாளர் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"இது சாத்தாத கதவுங்க" என்றார் அண்ணன்.

"வரலாறு சாத்தினதாத்தான் இருக்கு. நீங்கதான் தச்சராச்சே, சாத்தற மாதிரி சரி பண்ணிடுங்க."

அண்ணன் தன் கதவைத் தானே கழற்றி, அடியில் இழைத்து, புதுக் கீல் போட்டு மாட்டினார். அதிலிருந்து பார்வை நேரம் முழுக்க அது சாத்தியே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அண்ணன் பின்பக்கச் சந்து வழியாகப் போய், விளக்குப் போட்டுக்கொண்டு, காற்றில்லாமல் மரத்தூளுக்குள் உட்கார்ந்து வேலை செய்தார். வெளியூர்க்காரர்கள் வேன் வேனாக வந்து கதவைப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் தட்டிப் பார்க்கலாம், ஆனால் திறக்கப்படாது என்று ஒரு சின்ன அட்டையும் தொங்கியது. தட்டினார்கள். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துத் தட்டவைத்தார்கள். உள்ளே அண்ணன் இருமுவது கேட்டால், "கேளு கேளு, அந்த ஆள்தான்!" என்று சிலிர்த்துக்கொண்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. மன்றத்துக்குப் போய்த் தலைவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மைதாம்மா. நாங்க மறுக்கவே இல்லையே. ஆனா வழிகாட்டிப் புத்தகம் அச்சடிச்சாச்சு."

"அண்ணன் பேர் கெடுதுங்க."

"யார் கெடுத்தா? அவருக்கும் நாங்க பெருமைதான் தேடிக் கொடுத்திருக்கோம். ரொட்டி அடுப்பைவிட அந்தக் கதவுக்குத்தான் கூட்டம் அதிகம். சரி, மாத்திடலாம்னே வச்சுக்குவோம். அப்போ உங்க வீட்டுக்காரர் பொய் சொன்னார்னு ஆகும். பொய் சொன்னவர்கிட்ட மன்றம் ஃபிரேம் வாங்கலாமா? எங்க நேர்மை என்ன ஆகறது? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். எங்கள் வீட்டு அடுப்பையும் யோசித்தேன், அண்ணன் இருமலையும் யோசித்தேன். கதவைப் பார்க்க வருகிறவர்களிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னபோது, "போ, போய்ச் சொல்லிடு. நானும் வர்றேன்" என்றார். செருப்பைப் போட்டார். வாசல்வரை வந்தவர், தெருவில் ஆட்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். நான் தனியாகத்தான் போனேன்.

பட்டறை வாசலில் கூட்டம். கதைப் பொறுப்பாளர் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் விலக்கிக்கொண்டு முன்னால் போய், "எல்லாரும் கேளுங்க!" என்று கத்தினேன். "இந்தக் கதவு ஒரு நாளும் சாத்தினது இல்ல. என் அண்ணன் எங்களுக்குச் சோறு போட்டார், தொழில் கொடுத்தார். அவர் மேல பழி போட்டது என் வீட்டுக்காரரும் நானும். வெக்கம் கெட்டவங்க நாங்க!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கூட்டம் என்னையே பார்த்தது. கதைப் பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தி, "இவங்கதான் அந்தத் தங்கை" என்றார். "அண்ணன் மேல இன்னும் எவ்வளவு பாசம் பாருங்க." ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தடவினாள். "பாவம்மா நீ, எவ்வளவு நல்ல மனசு உனக்கு!"

நான் கதவைத் தட்டினேன். "அண்ணா, திறங்கண்ணா! வெளியில வந்து நீங்களே சொல்லுங்கண்ணா!"

உள்ளே இழைப்புளிச் சத்தம் நின்றது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. புருவமெல்லாம் மரத்தூளாக அண்ணன் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டேண்ணா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கேட்டுது" என்றார். "யாரும்மா நம்பினாங்க? மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற வேலையும் போயிடும். அழாத. வீட்டுக்குப் போ."

"நான் போகமாட்டேன். என்னை உள்ள விடுங்க."

"பார்வை நேரம்மா" என்றார் அண்ணன், ரொம்ப மெதுவாக. என் தலையில் ஒரு தரம் கை வைத்தார். பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அண்ணன் வேலை எப்போதும் சுத்தம். நூல் நுழைகிற இடைவெளிகூட இல்லாமல் மூடிக்கொண்டது.

எல்லாரும் கை தட்டினார்கள். பலகையை மறைக்கிறீங்க, படம் எடுக்கணும், கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்துக்கங்கம்மா என்று யாரோ சொன்னார்கள். நகர்ந்தேன்.